நாலாவது பெயர்

சண்முகநதிக் கரையில் அன்று உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. நான் கொடைக்கானலிலிருந்து இருட்டோடு கிளம்பி மலையிறங்கி வந்தவன். உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள் எனக்கு முன்பே வந்து படியை நிறைத்திருந்தார்கள். புரோகிதர் பதினைந்து பேரை ஒரே வரிசையாக உட்காரவைத்து, ஒரே மந்திரத்தைப் பதினைந்து குடும்பத்துக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். பெயர் வரும் இடத்தில் மட்டும் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"அப்பா பேரு?" சொன்னேன். "தாத்தா?" சொன்னேன். "அவருக்கு அப்பா?" தடுமாறி ஒரு பெயரைச் சொன்னேன், அது பெயர்தானா, ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா வழியில் இன்னும் மோசம். பாட்டியின் மாமியாரை எங்கள் வீட்டில் 'மேட்டு வீட்டு ஆத்தா' என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். "தெரியலைன்னா பரவாயில்லை, மனசுல நெனச்சுக்கங்க" என்றார் அவர். கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிவ கோத்திரம் போட்டுக்கொண்டு போவதுபோல, பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

தர்ப்பணத்தின் கணக்கு மூன்று தலைமுறை. அப்பாவுக்கு வசு, தாத்தாவுக்கு ருத்திரர், பூட்டனுக்கு ஆதித்தர் என்று மூவருக்கும் ஆளுக்கொரு நிலை உண்டு. நாலாவது பெயரை யாரும் கேட்பதில்லை. அதற்கும் மேலே இருக்கிறவர்களுக்கு, பிண்டம் பிடித்த கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் போய்ச் சேரும் என்பது சாத்திரம். வீட்டில் புதிதாக ஒருவர் செத்துப்போனால் மூவர் வரிசையில் மேலே இருந்தவர் இறங்கிக் கையிலொட்டிய மிச்சத்துக்குப் போய்விடுகிறார். நான் போய்ச் சேர்ந்தால் இன்று நான் தடுமாறிச் சொன்ன அந்தப் பெயரும் போய்விடும்.

எல்லாம் முடிந்து எழப்போனவனைப் புரோகிதர் கையமர்த்தினார். "கடைசியா ஒரு கை தண்ணி. தாய் இல்லாதவங்க, தகப்பன் இல்லாதவங்க, கேக்க நாதி இல்லாதவங்க எல்லாருக்கும். சீக்கிரம் விடுங்க, அடுத்த வரிசை நிக்குது." விட்டேன். எள்ளோடு தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

படியேறி வந்து கைப்பேசியைப் பார்த்தால் பினாங்கிலிருந்து நண்பர் அனுப்பிய செய்தி கிடந்தது. 'இன்றைக்கு ராத்திரி கதவை அடைத்துவிடுவார்கள்.'

எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும். சீனர்களின் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்ததும் கீழுலகத்தின் கதவு திறந்துகொள்ளும். மாதக் கடைசியில் அடைபடும். நடுவிலுள்ள முப்பது நாளும் ஆவிகள் மேலே வந்து பசியோடு அலையும். 2025இல் அவர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. அதனால் ஏழாம் மாதம் தள்ளிப்போய் ஆகஸ்ட் 23இல்தான் பிறந்தது. பதினைந்தாம் நாளான பெருவிழா செப்டம்பர் 6. அதற்கு இரண்டு நாள் கழித்து நமக்கு மகாளய பட்சம் தொடங்கி, அமாவாசையும் அவர்கள் கதவடைக்கும் நாளும் ஒன்றாகிப்போயின. முந்தைய ஆண்டில் இப்படி இல்லை. 2024இல் அவர்களுடைய விழா ஆகஸ்ட் 18, நம்முடைய மகாளய அமாவாசை அக்டோபர் 2. அவர்கள் முழுநிலவில் சோறு போடுகிறார்கள், நாம் நிலவில்லா நாளில். இந்த ஒரு வருஷம் செத்தவர்களுக்கு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் பந்தி நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சில வருஷங்களுக்கு முன் அந்த மாதத்தில் நான் ஜார்ஜ் டவுனில் பத்து நாள் இருந்தேன். தங்கியிருந்த தெருவில் ஒரு தமிழர் மளிகைக்கடை. இரண்டு பக்கமும் சீனர் கடைகள். சாயங்காலமானால் அஞ்சடி நடைபாதை ஓரத்தில் தகர டின்களில் தீ எரியும். கீழுலக வங்கியின் நோட்டுக் கட்டுகள், காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகிதக் கைப்பேசி எல்லாம் அதில் போகும். சாம்பல் பறந்து மளிகைக்கடைக்காரரின் பருப்பு மூட்டைமேல் விழும். அவர் தட்டிவிட்டுக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்பார். "பேய் மாசமா அண்ணாச்சி?" என்று கேட்டபோது பதறிப்போனார். "அப்படிச் சொல்லப்படாது தம்பி. அவங்க 'ஹோ ஹியா தி'ன்னுதான் சொல்லுவாங்க. நல்ல அண்ணன் தம்பிங்கன்னு அர்த்தம்." நம் ஊரில் பேயைக் காத்துக் கருப்பு என்று சொல்லிச் சமாளிக்கிறோம். அதிலுள்ள பயம் இதிலும் இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுவிட்டால் சோறு போட வேண்டிவரும். அந்த ஹொக்கியன் சொல்லில் இந்தப் பொறுப்பும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

பினாங்கில் ஒவ்வொரு சந்தை, ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாக விழா நாள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்தல் போட்டு, காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த ஒரு பேருருவத்தை நடுவில் நிறுத்துகிறார்கள். பெயர் தாய் சூ யா. ஆவிகளின் தலைவர், மேற்பார்வையாளர். புக்கிட் மெர்த்தாஜாமில் வைப்பது இரண்டு மாடி உயரம் வரும். பிதுங்கிய கண்ணும் நீட்டிய நாக்குமாக நம் ஊர்க் காவல் தெய்வங்களுக்கு உறவுபோலத் தெரிவார். அண்ணாந்து பார்த்தால் அவர் உச்சந்தலையில் விரல் நீளத்துக்குச் சாந்தமாக ஒரு பெண்ணுருவம் உட்கார்ந்திருக்கும். அது குவான் யின், கருணையின் தெய்வம். கருணைதான் அந்தக் கோர முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லாவிட்டால் பசித்த கூட்டத்தை வரிசையில் நிற்கவைக்க முடியாதாம். கடைசி இரவில் மொத்த உருவத்தையும் கொளுத்திவிடுகிறார்கள்.

முன்னால் வறுத்த பன்றி, பழம், ஆமை வடிவில் சிவப்புப் பலகாரம், ஆளுயர ஊதுவத்திகள். எதிரே கூத்து மேடை. மேடை பந்தலைப் பார்த்து இருக்கும், தெருவைப் பார்த்து இருக்காது. நாம் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிங்கப்பூரில் இந்த மாதத்தில் நடக்கும் 'கெத்தாய்' பாட்டுக் கச்சேரிகளில் முன்வரிசை நாற்காலிகளை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அவை வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலியான அந்த நாற்காலிகளின் தலைக்கு மேலாகப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. 1970களிலிருந்து பினாங்கில் இந்த விழாக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டிச் சீனப் பள்ளிகளுக்குக் கொடுத்து வருகின்றன. செத்தவர்களுக்குப் போட்ட பந்தியின் மிச்சத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குள் தம் முன்னோருக்குப் படைப்பது சீனர்களிடமும் தனியாக உண்டு. வசந்தத்தில் கல்லறைகளைக் கூட்டி மெழுகும் நாள் ஒன்று தனியே இருக்கிறது. தெருவில் நடக்கும் இந்த விருந்து முக்கியமாக மற்றவர்களுக்கு: பிள்ளையில்லாமல் செத்தவர், கடலில் போனவர், கலகத்தில் வெட்டுப்பட்டவர், புலம்பெயர்ந்த மண்ணில் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர். சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் தனியாளாகக் கப்பலேறி வந்தவர்களின் ஊரில் இந்த விழா இவ்வளவு பெருத்ததில் வியப்பில்லை. அந்த ஊரில் சாவுக்குச் சாவு நாதியற்றதாகவே இருந்திருக்கும்.

விழாவுக்குப் பின்னால் ஒரு பௌத்தக் கதை இருக்கிறது. புத்தரின் சீடர் மொகல்லானர், சீனத்தில் முலியன், செத்துப்போன தாயைத் தேடிப் போகிறார். அவள் பசிப்பேயாகக் கிடக்கிறாள். வயிறு மலை, தொண்டை ஊசித்துளை. மகன் கிண்ணத்தில் சோறு கொடுக்கிறான். வாயருகே போகும்போதே அது தணலாகிவிடுகிறது. அழுதுகொண்டு புத்தரிடம் ஓடுகிறார். உன் ஒருவன் கை இதற்குப் போதாது, மழைக்கால நோன்பு முடிகிற நாளில் சங்கத்தார் அனைவருக்கும் அன்னமிடு, அந்தப் பலன் அவளைப் போய்ச் சேரும் என்கிறார் புத்தர். அந்த நாள்தான் ஏழாம் மாதத்துப் பதினைந்து. பெற்ற பிள்ளை நேராகக் கொடுத்த சோறு தாய்க்கு இறங்கவில்லை. அன்னியர்களின் வாய் வழியாகச் சுற்றித்தான் அவள் வயிற்றுக்குப் போனது.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கதை கேட்டவுடன் மணிமேகலை நினைவுக்கு வராமல் இருக்காது. விஞ்சையர் உலகத்துக் காயசண்டிகை, பொதியில் மலைப் பக்கத்தில் ஒரு நாவல் கனியைச் செருக்கோடு காலால் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கிற கனி அது. பன்னிரண்டு ஆண்டு பசித்திருந்து அதை மட்டும் உண்ணுகிற விருச்சிக முனிவனுடையது. அவன் சாபத்தால் யானைத்தீ என்ற தீராப் பசி நோய் அவளைப் பிடிக்கிறது. எவ்வளவு தின்றாலும் உள்ளே எரிந்துபோகும். முலியனின் தாய்க்கு வாயில் எரிந்தது இவளுக்கு வயிற்றில் எரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பன்னிரண்டு என்ற கணக்கைப் படிக்கும்போதெல்லாம் கொடைக்கானல்காரனான எனக்குக் குறிஞ்சி கண்ணில் ஆடும். 2018இல் பூத்தது, இனி 2030. ஒரு பூவுக்காகக் காத்திருப்பதே இவ்வளவு நீளமாக இருக்கிறது; பசியோடு பன்னிரண்டு வருஷம் என்றால்!

அமுதசுரபி கையில் இருந்தும் மணிமேகலையால் உடனே சோறிட முடியவில்லை. முதல் பிச்சையை ஆதிரை என்ற இன்னொரு பெண்ணின் கையால் வாங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பவளே காயசண்டிகைதான். ஒரு கை போதாது என்று புத்தர் சொன்னதை நம் சாத்தனாரும் தம் வழியில் சொல்லியிருக்கிறார். எங்கள் பாடப்புத்தகங்கள் இதைக் கற்பின் பெருமை என்று எழுதி முடித்துவிட்டன. எனக்கு அது பந்தியின் விதியாகவே படுகிறது: பசியாற்றுகிற காரியத்தில் மூன்றாவது ஒரு கை வேண்டியிருக்கிறது.

நம்மிடம் நாதியற்ற சாவுக்கு வழியில்லை என்று சொல்ல வரவில்லை. வெட்டுப்பட்டவனுக்கு நடுகல் வைத்தோம். கன்னியாகச் செத்தவளைச் சேலை வைத்துக் கும்பிட்டு வீட்டுத் தெய்வமாக்கினோம். பாலை வழியில் வம்பலர் அம்பு பட்டு விழுந்தால் தழையும் கல்லும் போட்டு மூடிய பதுக்கைகளைச் சங்கப் பாட்டு பல இடங்களில் காட்டுகிறது. ஆனால் நம் வழக்கம், துர்மரணம் அடைந்தவரைச் சாமியாக்கிவிடுவது. சாமியாகிவிட்டால் அவர் கேட்பவராகிவிடுகிறார். கிடாயும் பொங்கலும் குறிப்பிட்ட நாளில் கேட்பார், கேட்டதை நாம் கொடுப்போம், அவர் காவல் காப்பார். இது கணக்கு வழக்கு. சாமியாகவும் ஆகாமல், மூன்று தலைமுறைப் பட்டியலிலும் இல்லாமல் போன பெருங்கூட்டத்துக்கு அந்தக் கடைசிக் கைத் தண்ணீர்தான். நிஜத்தில் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. யாராக இருந்தாலும் நாலாவது தலைமுறையில் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

டீ குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பும்போது பழனி மலைக்கோயில் வெயிலில் தெரிந்தது. மேலே தென்மேற்குப் பிராகாரத்தில் போகர் சமாதி. நவபாஷாணச் சிலை செய்தவர், சீனாவுக்குப் போய் வந்தவர், சீன உடம்பு ஒன்றுக்குள் புகுந்து வாழ்ந்தவர் என்றெல்லாம் கதை. சிலர் ஒருபடி மேலே போய் அவர் சீனரேதான் என்பார்கள், லாவோ சே என்றும் சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆனால் சீனாவுக்குப் போன சித்தர் ஒருவரைத் தங்கள் மலையிலேயே அடக்கம்செய்து, ஊதுவத்தி கொளுத்திக் கும்பிடும் ஊரில் பினாங்குச் செய்தியைப் படிப்பது பொருத்தமில்லாத காரியம் என்றும் தோன்றவில்லை.

கதையில்லாத சீனர்களும் தமிழ்நாட்டு மலையில் வாழ்ந்து மடிந்திருக்கிறார்கள். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் சிறை போதாமல் ஆங்கிலேயர் சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினர். நீலகிரியில் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்களில் அவர்கள் உழைத்தார்கள். விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் தம் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். அவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதிய அவர், ஏழாம் மாதத்தில் அந்தச் சரிவில் யாராவது விளக்கேற்றினார்களா என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏறத்தாழ அதே காலத்தில், 1825 முதல் 1873 வரை, இங்கிருந்து கைதிகள் சிங்கப்பூருக்குப் போய்ச் சாலையும் தேவாலயமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு துறைமுகங்களுக்கிடையே நடந்த பண்டமாற்று. எங்கள் நாதியற்றவர்கள் அவர்கள் ஊரில், அவர்களுடையவர்கள் எங்கள் மலையில்.

இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். போர்க் கைதிகளான வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக உண்டு. தமிழனுக்குக் காடுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல் எழுப்பினார்கள். எண்பது வருஷத்துக்குப் பிறகு. அதுவரை அவர்களுக்கு யார் சோறு வைத்தது? அந்தப் பக்கத்துச் சீனர் எவராவது ஏழாம் மாதத்தில் முச்சந்தியில் வைத்த கிண்ணத்தில் அவர்களுக்கும் ஒரு வாய் போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மலைப்பாதையில் பனி இறங்கத் தொடங்கியது. கொடைக்கானலில் தூண் பாறைகளுக்கருகே இருக்கிற பிளவுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பேயின் அடுக்களை. வார்டு என்ற அளவையாளர் 1821இல் இந்த மலைகளை அளந்த காலத்திலேயே பேசப்பட்ட இடம். பிளவிலிருந்து எழும் மூடுபனியைப் பார்த்தால் உள்ளே யாரோ உலை வைத்திருப்பதுபோலத்தான் இருக்கும். பாண்டவர்கள் சமைத்த இடம் என்று நம்மவர் கதையும் உண்டு. 1991இல் 'குணா' படம் வந்த பிறகு அது குணா குகை. 2006இல் உள்ளே விழுந்த கேரள இளைஞர் ஒருவரை நண்பர் இறங்கித் தூக்கி வந்த கதை 2024இல் படமாகி ஊரே பார்த்தது. அங்கே போய்த் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இப்போது கம்பிவேலிக்கு இப்பால் நின்று எல்லோரும் படத்தில் வந்த வசனத்தைக் கத்திவிட்டுப் போகிறார்கள். பசித்தவர்களின் அடுக்களை என்றால் இந்தச் சத்தத்தை உள்ளே இருப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ.

பெருமாள்மலைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் பேத்துப்பாறைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஏன் என்று யோசித்துச் செய்ததில்லை. அங்கே பாறை விளிம்பில் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் போட்ட சின்ன அறைகள். ஊரார் குள்ளர் குகை என்பார்கள். பழனி மலைத்தொடர் முழுக்க, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மாச்சூர் என்று, இந்தக் கல்வீடுகள் கிடக்கின்றன. செண்பகனூர் இயேசு சபைத் துறவிகளான ஆங்லாடும் நியூட்டனும் ஊர் ஊராக நடந்து இவற்றைப் படமெடுத்து, அளவெடுத்து, 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்து பார்த்திருக்கிறார். ஏலமும் மிளகும் இறங்கிய வணிக வழியின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் இவர்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கலாம். நிறைய கற்கள் இப்போது காப்பித் தோட்ட வேலிகளுக்குள் அகப்பட்டுவிட்டன.

இந்த மலையில் பளியர் இருக்கிறார்கள், புலையர் இருக்கிறார்கள், குன்னுவர், மன்னாடியார் இருக்கிறார்கள், என்னைப்போல் பிழைக்க வந்தவர்கள் இருக்கிறோம். இது என் பாட்டன் கல் என்று சொல்லி இதற்கு ஒரு சூடம் கொளுத்திய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. குள்ளர் கட்டியது என்றோ பாண்டவர் கட்டியது என்றோ சொல்லிவிட்டால் நமக்கும் அதற்கும் பந்தம் அறுந்துவிடும். மூன்றடி உயர அறைக்குள் முழு மனிதன் எப்படி வாழ்வான் என்று கேட்டு, அதற்காகவே ஒரு குள்ளர் கூட்டத்தை உண்டாக்கினார்களே தவிர, அது செத்தவனின் வீடு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒத்துக்கொண்டால் யாருக்கு யார் என்ற கேள்வி வரும். எழுபது, எண்பது தலைமுறைக்கு அப்பால் அந்தப் பட்டியலில் மேட்டு வீட்டு ஆத்தாவுக்கு ஆத்தா ஒருத்தி இருக்கமாட்டாள் என்று எப்படிச் சொல்வது?

குனிந்து பார்த்தேன். உள்ளே பிரியாணிப் பொட்டலம் பிரித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். எலும்பு, எலுமிச்சைத் தோல், நசுங்கிய காகிதத் தட்டு நான்கு. கொடைக்கானலில் தடைசெய்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. முதலில் கோபம்தான் வந்தது, சுற்றுலா வருகிறவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு நான்கு தட்டும் அந்தக் கல்லறைக்குள் வட்டமாகக் கிடந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லுக்குள் கடைசியாக எப்போது சோறு வைத்திருப்பார்கள்?

குப்பையை அள்ளி வண்டியிலிருந்த சாக்குப் பையில் போட்டேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. மூடியைத் திருகி, அதை மூடுகல்லின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக் கட்டினேன்.